மீடியா பிளேயர் நிறுவலில் சிக்கலா? எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள்

வீட்டுக் கணினியில் வீடியோ ஓடவில்லை என்று யாராவது என்னை அழைத்துக் காட்டும்போது, அந்தக் கணினியில் பெரும்பாலும் இரண்டு மூன்று மீடியா பிளேயர்களும், அவற்றுக்கு மேல் ஒரு கோடெக் தொகுப்பும் (படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதவும் விரித்துப் படிக்கவும் உதவும் மென்பொருள்தான் கோடெக்), எதற்கு வந்தது என்றே தெரியாத ஒரு 'டிரைவர் அப்டேட்டரும்' ஏற்கெனவே குடியேறியிருக்கும். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது இயல்புதான். ஆனால் மீடியா பிளேயர்களைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் முதலில் இருந்த ஒரு சிக்கலை மூன்றாக்கிவிடுகிறது. பிறகு எது மூலக் கோளாறு, எது நாம் சேர்த்தது என்று பிரித்தறிவதே பெரிய வேலையாகிவிடும். எனவே எதையும் புதிதாகச் சேர்ப்பதற்கு முன், வேலை எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்டறிய வேண்டும் என்பதே என் கட்சி. கோப்பு முழுமையாக இறங்கவில்லையா, நிறுவி பாதியில் நின்றதா, நிறுவல் முடிந்தும் பிளேயர் திறக்கவில்லையா, திறந்தும் படம் ஓடவில்லையா? இந்த நான்கையும் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்றே சொல்கிறோம், ஆனால் நான்கின் காரணங்களும் தீர்வுகளும் வெவ்வேறானவை.

பதிவிறக்கத்திலிருந்து தொடங்குவோம். தேடுபொறியில் பிளேயரின் பெயரைத் தட்டினால் மேலே வருவது பல நேரங்களில் விளம்பரமாகவோ, வேறொருவர் நடத்தும் பதிவிறக்கத் தளமாகவோ இருக்கும். அங்கே கிடைக்கும் நிறுவி, நாம் கேட்ட பிளேயரோடு தேவையற்ற கருவிப்பட்டைகளையும் விளம்பர மென்பொருள்களையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும். வி.எல்.சி. பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள்: அது 1996-இல் பாரிஸுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. அதை உருவாக்கும் வீடியோலான் அமைப்பின் சொந்தத் தளம் அதற்குக் காசு கேட்பதில்லை; வேறு மென்பொருளை உடன் திணிப்பதுமில்லை. ஆகவே வி.எல்.சி. என்ற பெயரில் வந்த நிறுவி நடுவில் வேறொரு பிரவுசரையோ வைரஸ் தடுப்பு மென்பொருளையோ நிறுவ அனுமதி கேட்டால், அந்தக் கோப்பை அப்படியே அழித்துவிட்டு மூலத் தளத்திற்குச் செல்லுங்கள். விவாதம் தேவையில்லை.

சரியான தளத்திலிருந்து இறக்கிய கோப்பும் சில சமயம் கெட்டிருக்கும். நிறுவியைத் திறந்த உடனேயே, அதன் முழுமைச் சோதனை தோல்வியடைந்தது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், கோப்பு பாதியில் துண்டிக்கப்பட்டிருக்கிறது அல்லது வழியில் சிதைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மறுபடி இறக்குவதே இதற்கு மருந்து. மறுபடியும் அதே செய்தி வந்தால் வேறு பிரவுசரிலோ வேறு இணைய இணைப்பிலோ முயன்று பாருங்கள். ஐயம் தீரவில்லை என்றால், பதிவிறக்கப் பக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் 64 எழுத்துகள் கொண்ட எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்புக் குறியீட்டை, விண்டோஸின் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளை தரும் விடையோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பின்மேல் குறை இல்லை, பழியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலரை அச்சுறுத்துவது, விண்டோஸ் உங்கள் கணினியைக் காப்பாற்றியது என்று அறிவிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி. அது வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பொருள் இல்லை. இதுவரை அதிகம் பேர் இறக்காத கோப்பு, அல்லது நன்கு அறியப்படாத வெளியீட்டாளரின் கோப்பு என்பதற்காகவே அது வரக்கூடும். ஒரு மென்பொருளின் புத்தம் புதிய பதிப்புக்குக்கூட முதல் சில நாள்கள் இப்படி நேரலாம். கோப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பாருங்கள். பெயர் சரியாக இருந்தால் 'மோர் இன்ஃபோ' வழியாக மேலே செல்லலாம். கையொப்பமே இல்லை, கோப்பு வந்த இடமும் நினைவில் இல்லை என்றால் செல்லாதீர்கள். நிறுவல் நடக்க வேண்டும் என்பதற்காக வைரஸ் தடுப்பை முழுவதுமாக அணைக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பிளேயர் எதற்கும் அப்படி ஒரு தேவை இருந்து நான் பார்த்ததில்லை.

இனி நிறுவி இடையில் நிற்பது. முதலில் பார்க்க வேண்டியது கணினியின் வகை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபௌட்' என்று சென்றால் இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்பது தெரியும். 64 பிட் நிறுவி 32 பிட் விண்டோஸில் ஒருநாளும் ஓடாது. 32 பிட் நிறுவி 64 பிட் விண்டோஸில் ஓடும். அதே பக்கத்தில் விண்டோஸின் பதிப்புப் பெயரையும் படித்துவிடுங்கள். அங்கே 'எஸ் மோட்' என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்த நிறுவியும் அந்தக் கணினியில் இயங்காது. ஸ்டோரில் கிடைக்கும் பதிப்பைப் பயன்படுத்தலாம்; அல்லது எஸ் மோடை விட்டு வெளியேறலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் வெளியேறியபின் மறுபடி உள்ளே போக முடியாது.

பிழை எண் தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1618 என்றால் வேறொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது விண்டோஸ் அப்டேட்டாகவும் இருக்கலாம். காத்திருந்தோ கணினியை ரீஸ்டார்ட் செய்தோ மறுபடி முயன்றால் போதும். 1603 அவ்வளவு நேர்மையான எண் இல்லை. நிறுவல் முறிந்தது என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. நிறுவப்படும் ஃபோல்டரில், விண்டோஸ் தன் வேலைகளுக்குப் பயன்படுத்தும் 'சிஸ்டம்' கணக்குக்கு முழு உரிமை இல்லாதது, அந்த ஃபோல்டர் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யப்பட்டிருப்பது, முந்தைய பதிப்பின் மிச்சங்கள் எனப் பல காரணங்கள் இருக்கலாம். நிறுவியை விரிவான பதிவேட்டோடு (நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் 'லாக்' கோப்போடு) இயக்கி, அந்தப் பதிவேட்டில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று வரும் முதல் இடத்தைத் தேடி, அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படித்தால் உண்மைக் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்துகளில் வைத்திருந்தால், தற்காலிகக் கோப்புகள் இருக்கும் பாதையிலும் அந்தத் தமிழ்ப் பெயரே வரும். யூனிகோடைச் சரியாகக் கையாளாத பழைய நிறுவிகள் சில அந்தப் பாதையைப் படிக்க முடியாமல் தடுமாறும். நிறுவியை நேரடியாக சி டிரைவில் ஆங்கிலப் பெயருள்ள ஒரு ஃபோல்டருக்கு மாற்றியும் பயனில்லை என்றால், ஆங்கில எழுத்துகளில் பெயர் கொண்ட வேறொரு நிர்வாகி கணக்கிலிருந்து நிறுவிப் பாருங்கள். பெயரைத் தமிழில் வைத்ததில் தவறு ஏதுமில்லை, தவறு அந்த நிறுவியுடையது.

நிறுவல் முடிந்தும் பிளேயர் திறக்காமல் ஏதோ ஒரு டி.எல்.எல். கோப்பு (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) காணவில்லை என்று சொன்னால், அந்தக் கோப்பின் பெயரைக் கவனியுங்கள். 'எம்.எஸ்.வி.சி.பி. 140', 'வி.சி.ரன்டைம் 140' ஆகிய பெயர்கள் வந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு இல்லை என்று பொருள். அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி நிறுவலாம். 32 பிட் பிளேயருக்கு 32 பிட் தொகுப்பு வேண்டும், 64 பிட் பிளேயருக்கு 64 பிட் தொகுப்பு வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தனி டி.எல்.எல். கோப்புகளை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களின் பக்கம் போகவே கூடாது. அங்கிருந்து எடுத்த கோப்பைச் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டபின் 0xc000007b என்ற பிழை வந்தால், 32 பிட் கோப்பும் 64 பிட் கோப்பும் கலந்துவிட்டன என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

காணாமல் போன கோப்பின் பெயர் 'எம்.எஃப்.பிளாட்' என்று இருந்தால் கதை வேறு. விண்டோஸுக்கு 'என்' (N) பதிப்பு என்று ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையம், விண்டோஸ் மீடியா பிளேயரை இயங்குதளத்தோடு சேர்த்தே தருவது போட்டியைக் கெடுக்கிறது என்று தீர்ப்பளித்து, மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத பதிப்பு ஒன்றையும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பிள்ளைதான் எக்ஸ்.பி. காலம் தொடங்கி இன்றுவரை தொடரும் 'என்' பதிப்புகள். அவற்றில் இல்லாதது பிளேயர் மட்டுமன்று. பிற மென்பொருள்கள் நம்பியிருக்கும் மீடியா ஃபவுண்டேஷன் என்ற அடித்தளமும் இருக்காது. அதனால்தான் வீடியோ எடிட்டர், விளையாட்டு, கேமரா மென்பொருள் போன்றவைகூட அங்கே தடுக்கி விழுகின்றன. விண்டோஸின் பதிப்புப் பெயரின் இறுதியில் தனியாக 'என்' எழுத்து நின்றால், 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'மீடியா ஃபீச்சர் பேக்' என்பதைத் தேர்ந்து நிறுவி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல மணி நேரம் பிளேயரை நிறுவி நீக்கி அலுத்தவர்களுக்கு இந்த ஓர் எழுத்து யாரும் சொல்லாத விடையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வி.எல்.சி. தன் கோடெக்குகளைத் தானே சுமந்து வருவதால் 'என்' பதிப்பிலும் பொதுவாக ஓடிவிடும்; ஒரே கணினியில் ஒரு பிளேயர் ஓடி மற்றொன்று ஓடாமல் போகும் புதிருக்கும் இதுவே விளக்கம்.

கடைசிக் கட்டம், பிளேயர் திறந்தும் வீடியோ ஓடாதது. உறைக்குள் கடிதம் இருப்பதுபோல, எம்.பி.4, எம்.கே.வி. என்பவை உறைகள் மட்டுமே. உள்ளே படமும் ஒலியும் எந்தக் கோடெக்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை உறையின் பெயர் சொல்லாது. ஒரு எம்.பி.4 கோப்பு ஓடி இன்னொன்று ஓடாததற்கு இதுவே காரணம். 2003-இல் வந்த எச்.264 இன்று ஏறக்குறைய எங்கும் ஓடும். 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்.இ.வி.சி., அப்படி அல்ல. 2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததிலிருந்து, அதற்கான வசதியுள்ள ஐபோன்கள் இயல்பாகவே இந்தக் கோடெக்கில்தான் படமெடுக்கின்றன. அந்த வீடியோவைக் கணினிக்கு மாற்றித் திறந்தால் ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுப்பாக இருப்பது, அல்லது 0xc00d36c4 என்ற பிழை வருவது வழக்கம். விண்டோஸின் சொந்தப் பிளேயருக்கு இதற்கென ஸ்டோரில் கட்டணத்துக்கு விற்கப்படும் நீட்சி ஒன்று வேண்டும். கட்டணத்துக்குக் காரணம் காப்புரிமை. லினக்ஸிலும் அதே காரணத்தால் ஃபெடோரா பல கோடெக்குகளைத் தருவதில்லை, ஆர்.பி.எம். ஃபியூஷன் களஞ்சியத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உபுண்டுவில் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை நிறுவ வேண்டும்.

இங்கேதான் கோடெக் தொகுப்பு என்ற ஆசை எழும். டைரக்ட்ஷோ என்ற விண்டோஸின் பழைய மீடியா முறையில் இயங்கும் பிளேயர்களுக்கு அது ஒரு காலத்தில் தேவையாக இருந்தது; இன்றும் ஒரு குறிப்பிட்ட எடிட்டருக்காகத் தேவைப்படலாம். படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். அது சேர்க்கும் வடிகட்டிகள் ('ஃபில்டர்' எனப்படும் கோடெக் கூறுகள்) கணினி முழுவதற்கும் பொதுவாகப் பதிவாகின்றன. இரண்டு தொகுப்புகள் இருந்தால் எது முந்தும் என்பதில் மோதல் வரும். வி.எல்.சி., எம்.பி.வி. போன்று கோடெக்கை உள்ளேயே வைத்திருக்கும் பிளேயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய தொகுப்புகளை முழுவதும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், பாதிச் சிக்கல்கள் அத்துடன் முடிந்துவிடும். புதிய பிளேயரை நிறுவியும் கோப்பு பழையதிலேயே திறந்தால் அது நிறுவல் கோளாறு அன்று. விண்டோஸ் 10 முதல், இயல்புநிலைப் பிளேயரைப் பயனரே 'டிஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீக்கி மறுபடி நிறுவியும் அதே கோளாறு திரும்பி வந்தால், பழைய அமைப்புகள் அழியவில்லை என்று பொருள். வி.எல்.சி. தன் அமைப்புகளைப் பயனரின் 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் தனியே வைத்திருக்கிறது. வெறுமனே மறுநிறுவல் செய்தால் அவை தப்பிவிடும். நிறுவும்போது பழைய அமைப்புகளையும் தற்காலிகச் சேமிப்பையும் அழிக்கும் தேர்வைக் குறியிடுங்கள், அல்லது 'பிரிஃபரன்சஸ்' சாளரத்தில் 'ரீசெட்' பொத்தானை அழுத்துங்கள். ஒலி வந்து படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால், 'இன்புட் / கோடெக்ஸ்' பகுதியில் வன்பொருள் முடுக்கத்தை (படத்தை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லுக்குக் கொடுக்கும் வசதியை) அணைத்துப் பாருங்கள். படம் சரியானால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர், அதைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பிக்க வேண்டும்.

எல்லாம் ஓடி, தமிழ் வசன வரிகள் மட்டும் கட்டங்களாகத் தெரிந்தால் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். வசன வரிகளின் இயல்பான எழுத்துக் குறியாக்கத்தை ('என்கோடிங்') யு.டி.எஃப்.-8 என்ற யூனிகோடு வகையாக வையுங்கள். எழுத்துருவாக நிர்மலா யு.ஐ.யைத் தேர்ந்தெடுங்கள். பிறகும் பொருளற்ற குறிகளே வந்தால், அந்த வசனக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு குறியாக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைக் குறியாக்க மாற்றி ஒன்றின் துணையோடு யூனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் யு.டி.எஃப்.-8 ஆகச் சேமித்த பின்னரே பிளேயரில் சேர்க்க வேண்டும்.