டெர்பினியால் கேள்வியில் நான் கோட்டைவிட்ட இடம்

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, இயற்கைப் பொருள் வேதியியல் தாள். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ஆல்ஃபா டெர்பினியால் என்ற ஆல்கஹாலின் அமைப்பு நிர்ணயம் (அதன் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று நிறுவுவது) எங்காவது தலைகாட்டும். நானும் வரிவரியாக உருப்போட்டு எழுதி எழுத்துத் தேர்வில் தப்பித்துவிட்டேன். மாட்டியது வாய்மொழித் தேர்வில். "இது எதில் இருக்கிறது?" என்று கேட்டார் தேர்வாளர். "பைன் எண்ணெயில், சார்." "பைன் எண்ணெயை இதற்கு முன் எங்கே படித்தீர்கள்?" பேந்தப் பேந்த விழித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில், உலோகவியல் பாடத்தில், தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரை மிதப்பு முறையில் படித்த அதே எண்ணெய்தான். அங்கே நுரை உண்டாக்குவதும் பெரும்பாலும் இந்த டெர்பினியால்தான் என்பது அத்தனை வருடமாக எனக்கு உறைக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உட்கார்ந்தபோது படிக்கும் முறையையே மாற்றினேன். ஒரு பெரிய தாளின் நடுவில், டெர்பினியாலுக்கு மூலப்பொருளான ஆல்ஃபா பைனீனை வரைந்து, அதிலிருந்து கிளம்பும் பாதைகளை மட்டும் போட்டேன்.

பைன் மரத்தைக் கீறி வடியும் பிசினைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வருவது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். இமாச்சல், உத்தராகண்ட் மலைகளில் சிர் பைன் மரத்திலிருந்து எடுக்கிறார்கள். டர்பன்டைனில் முக்கியமானவை ஆல்ஃபா, பீட்டா பைனீன்கள். நம் சிர் பைன் டர்பன்டைனில் கேரீன் என்ற இன்னொரு சேர்மமும் கணிசமாக உண்டு. கொள்குறி வினாவில் அதைப் பார்த்ததும் தவறான விடை என்று அடித்துவிடாதீர்கள்.

இப்போது அமிலத்தைச் சேருங்கள். பைனீனின் இரட்டைப் பிணைப்பில் புரோட்டான் ஏறியதும் மூவிணைய கார்பன் நேரயனி (மூன்று கார்பன்களோடு இணைந்த, நேர்மின்சுமை கொண்ட கார்பன்) வருகிறது. பக்கத்திலேயே நாலு கார்பன் வளையம், இழுத்துக் கட்டிய வில் மாதிரி. அதற்கு இரண்டு வழி. வளையம் உடைந்து, தண்ணீர் வந்து பிடித்துக்கொண்டால் ஆல்ஃபா டெர்பினியால். இன்னொரு தண்ணீரும் சேர்ந்தால் டெர்பின் ஹைட்ரேட். தொழிற்சாலையில் இந்த ஹைட்ரேட்டை முதலில் எடுத்து, பிறகு நீரை ஓரளவு நீக்கித்தான் டெர்பினியால் செய்வது வழக்கம். (ஒரு காலத்தில் இருமல் மருந்தில் இருந்ததும் இந்த ஹைட்ரேட்தான்.) வளையம் உடையாமல் விரிந்தால் போர்னைல் அயனி. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு செலுத்தினால் போர்னைல் குளோரைடு கிடைப்பது அதனால்தான். ஆகவே கேள்வியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் இரண்டு மாதிரித் தேர்வுகளில் இதைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பறிகொடுத்தேன்.

விரியும் பாதையின் பக்கத்திலேயே கற்பூரத்தையும் வரைந்துகொள்ளலாம்: பைனீன், காம்ஃபீன், ஐசோபோர்னைல் அசிட்டேட், ஐசோபோர்னியால், கற்பூரம். ஆரத்தித் தட்டில் எரியும் செயற்கைக் கற்பூரம் டர்பன்டைனிலிருந்து வருவது இப்படித்தான். இதைத் திருப்பிக் கேட்பார்கள்: கற்பூரத்தைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால் போர்னியாலா, ஐசோபோர்னியாலா? மேலே இரண்டு மெத்தில்கள் வழியை அடைத்து நிற்பதால் ஹைட்ரைடு கீழ்ப்பக்கமாக வரும். பெருமளவு கிடைப்பது ஐசோபோர்னியால்.

பீட்டா பைனீனுக்குத் தனி மூலை. சூடாக்கினால் மிர்சீன், அதிலிருந்து ஜெரானியால், நெரால், லினலூல் என்று வாசனைத் தொழிலின் பாதிக் கடை வந்துவிடும். மிர்சீனிலிருந்து மென்தால் செய்யும், ஜப்பானிய டகசாகோ நிறுவனத்தின் முறையையும் படித்துவிடுங்கள். 2001இல் நோபல் பெற்ற வேதியியலாளர் நொயோரியின் ரோடியம் வினையூக்கி அதில் வருவதால் சமச்சீரற்ற தொகுப்பு (ஆடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றை மட்டும் அதிகமாகச் செய்வது) பகுதிக்கும் சேர்த்து உதவும்.

டெர்பினியாலின் பயன்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஆல்கஹால் தொகுதி தண்ணீரை நாடும், கார்பன் கூடு காற்றை நாடும். அதனால் குமிழியின் விளிம்பில் நின்று நுரையைக் காக்கும். வெள்ளை ஃபினாயிலின் வாசனை பைன் எண்ணெயுடையது. டெர்பினியாலின் கொதிநிலை சுமார் 219 டிகிரி செல்சியஸ், மெல்லத்தான் ஆவியாகும். அதனால் சூரிய மின்கலத்தில் வெள்ளிக் கோடு அச்சிடும் பசைக்குக் கரைப்பானாகிறது. தூய டெர்பினியாலுக்கு லைலாக் பூ வாசனை என்று புத்தகங்கள் சொல்லும். லைலாக்கை நான் கண்டதில்லை; எனக்கு அது சோப்பு வாசனை. டெர்பினியாலின் அசிட்டேட் ஏலக்காய் எண்ணெயின் முக்கியக் கூறுகளில் ஒன்று.

சரி, அந்த அமைப்பு நிர்ணயம். டெர்பினியாலைப் படிப்படியாக ஆக்சிஜனேற்றி உடைப்பதுதான் முறை; ஒவ்வொரு படியிலும் கார்பனை எண்ணிக்கொண்டே போங்கள். டெர்பினியாலில் 10, பர்மாங்கனேட் தரும் மூன்று ஹைட்ராக்சில் சேர்மத்தில் 10, குரோமிக் அமிலம் தரும் கீட்டோலாக்டோனிலும் 10. ஒன்றும் குறையவில்லை என்றால் இரட்டைப் பிணைப்பு வளையத்துக்குள் இருக்கிறது. அடுத்து டெர்பினிலிக் அமிலத்தில் 8. போன இரண்டும் அசிட்டிக் அமிலமாகப் போயின, ஆக அது மெத்தில் கீட்டோன். கடைசியில் டெரிபிக் அமிலம், 7. எண்ணிக்கை நினைவிருந்தால் பெயர் மறந்தாலும் வாதம் நிற்கும்.

தொகுப்பு முறைக்கு (எளிய சேர்மங்களிலிருந்து டெர்பினியாலைச் செய்வதற்கு) எல்லோரும் வேதியியலாளர் பெர்கினின் 1904 முறையை எழுதுவார்கள். நீளம் அதிகம். ஐசோப்ரீனையும் மெத்தில் வினைல் கீட்டோனையும் டீல்ஸ்-ஆல்டர் வினைக்கு (இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஆறு அணு வளையமாகும் வினை) உட்படுத்தி, வரும் கீட்டோனில் மெத்தில் மெக்னீசியம் அயோடைடைச் சேர்த்தால் இரண்டே படியில் முடிந்துவிடும். பெர்கின் பெயரைச் சொல்லிக் கேட்காதவரை நான் இதைத்தான் எழுதுவேன்.