இலை மேலே சுருளுதா, கீழேயா?

மே 4

காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வி: "மிளகாய் இலை சுருளுது, மருந்து சொல்லுங்க, அவசரம்." படம் இல்லை. எந்த ஊர், தொட்டியா தரையா, எதுவும் இல்லை. மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இந்த இணையதளத்தில் ஆறு வருஷமாகப் பதில் எழுதுகிறேன். முக்கால்வாசிக் கேள்விகள் இப்படித்தான் வருகின்றன.

இலை படகு மாதிரி மேல்நோக்கிக் குவிந்தால் இலைப்பேன், சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. கவிழ்த்த படகாகக் கீழே மடங்கினால் சிலந்தி; வீட்டுச் சிலந்தி இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கு அடிக்கும் பல மருந்துகள் அதனிடம் எடுபடாது. அதனால்தான், "மேலேயா கீழேயா? இலையின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுக்கா. மருந்து பேரு மட்டும் சொல்லுங்க."

அதற்குள் புளித்த மோர், பெருங்காயத் தண்ணீர், பூண்டுக் கரைசல் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். செடியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

மே 5

ராத்திரி ஒருவர் மோனோகுரோட்டோபாஸ் என்கிற கடும் விஷப் பூச்சிமருந்தை அடிக்கச் சொல்லியிருக்கிறார். காய்கறிகளில் அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே அரசு தடை போட்டது. வீட்டு மாடியில், பிள்ளைகள் பறித்து அப்படியே கடிக்கிற செடிக்கு அதைச் சொல்ல எப்படி மனசு வந்தது? தடையைச் சொன்னேன். "எங்க வயல்ல அடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்கிறார். அந்தப் பதிலுக்குப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மே 7

என் மாடியிலேயே ஒரு செடியில் கொழுந்து குவிந்திருந்தது. வெள்ளைத் தாளில் தட்டினேன். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நாலைந்து கீற்றுகள் விழுந்து குடுகுடுவென்று ஓடின. இலைப்பேன்தான். படமெடுத்துப் போட்டு, இரண்டு வகைச் சுருளலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று விரிவாக எழுதினேன். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும், கூடவே நீல ஒட்டும் அட்டை. எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மே 10

கேட்டவர் கேள்வியை நீக்கிவிட்டார். கேள்வி போனால் கீழே இருக்கும் பதில்களும் சேர்ந்து போய்விடும். ஒரு நன்றிகூட வேண்டாம், அதை அங்கேயே விட்டிருக்கலாம். மிளகாய் சுருளும் அடுத்த வீட்டுக்காரருக்கு அது உதவியிருக்கும். செடி பிழைத்ததா என்றும் இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

மே 12

அதே கேள்வி, வேறு ஆள். ஆனால் இவர் திண்டுக்கல் என்று ஊரைச் சொல்லி, இலையின் அடிப்பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார். இலை கீழே மடங்கி, காம்பு எலிவால் போல நீண்டிருக்கிறது. சிலந்தி. நனையும் கந்தகத்தூள் சொன்னேன். உச்சி வெயிலில் வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள் என்றும் எழுதினேன். அப்புறம் ஏழாம் தேதி எழுதியதை நினைவிலிருந்து திரும்பத் தட்டி, அதன் கீழேயே போட்டேன்.

மே 23

திண்டுக்கல்காரர் திரும்பி வந்தார்! "அக்கா, ரெண்டு தடவை அடிச்சேன். பழைய இலை அப்படியேதான் இருக்கு, புதுத் துளிர் நேரா வருது." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியில் நாலு இலை, தட்டையாக, பளபளவென்று. பக்கத்தில் ஒரு மொட்டு.