ஒன்றுமில்லை

ஜூலை 7, திங்கள்

சீட்டுப் பெட்டி இன்று தொடங்கியது. வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு சின்னத் தாளில் ஒரே ஒரு சொல்: இன்று எப்படி வந்திருக்கிறாய்? எழுதி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு உட்காரலாம். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்கள்.

34 சீட்டுகள். தூக்கம், ஜாலி, தலைவலி, அண்ணன்கூட சண்டை (ஒரு சொல் என்றுதான் சொன்னேன், பரவாயில்லை). டெஸ்ட் பயம் நான்கு பேருக்கு. ஒரு சீட்டில் மட்டும் 'ஒன்றுமில்லை'. பெயர் இல்லை. ஆனால் பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறான் என்றால், தாளின் பின்பக்கத்தைத் தடவினாலே எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்ச், சுவர் ஓரம்.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றுமில்லை. அதே அழுத்தம். போன் வரவில்லை.

ஜூலை 9, புதன்

பின்னக் கூட்டல். 1/2 + 1/3 எவ்வளவு என்று மூன்றாவது பெஞ்சைக் கேட்டேன். எழுந்து நின்று "2/5" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். "உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்த்தேன். அவள் 5/6 என்றாள். சரி என்றேன். பாடம் நகர்ந்தது.

நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் சாயங்காலம் நோட்டுத் திருத்தும்போது பார்க்கிறேன், அவன் நோட்டில் அந்த இடத்தில் ஓட்டை. அழித்து அழித்துத் தாளே கிழிந்து அடுத்த பக்கம் தெரிகிறது.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் ஐந்து திறன்கள் இருக்கின்றன. தன்னை அறிதல், தன்னைக் கையாளுதல், பிறர் நிலை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய கேசல் என்ற அமைப்பு வகுத்த பட்டியல். சமூக-உணர்ச்சிக் கல்வி, அதாவது தன் உணர்ச்சிகளையும் பிறரோடு உள்ள உறவையும் கையாளக் கற்பது என்று யார் பேசினாலும் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் வந்து நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. இந்த வெள்ளி நான் 'பிறர் நிலை உணர்தல்' நடத்த வேண்டும். ஆனால் இன்று கணக்குப் பீரியடில் நான் 'உட்கார்' என்றேனே, அதுவும் பாடம்தான். தப்பாகச் சொன்னால் இந்த அறையில் என்ன நடக்கும் என்பதை 34 பேரும் இன்றைக்கே படித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் எதைச் சொன்னாலும் அதற்குமேல்தான் போய் உட்காரும்.

எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் அந்தச் சொல்லை.

ஜூலை 10, வியாழன்

என் வகுப்பை நானே பதிவு செய்து, இரவில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். கேள்விக்கும் என் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று பார்ப்பதற்காக.

முதல் பெஞ்சுப் பெண்ணிடம் நான்கு விநாடி. நடுவில் "ம்ம், யோசி" என்று என் குரல். அந்தக் குரல் எனக்கே இதமாக இருக்கிறது. மூன்றாவது பெஞ்ச், சுவர் ஓரம்: ஒரு விநாடி. சரியாகச் சொன்னால் ஒன்றுகூட இல்லை.

மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே இதை எழுதிவிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, 'தெரியாது' என்பது குறைகிறது, தாமாகப் பேசுபவர்கள் கூடுகிறார்கள். பயிற்சியில் இதை எங்களுக்குச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது இன்னொன்று: கெட்டிக்காரர்கள் என்று நினைத்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், மட்டம் என்று நினைத்தவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்பதையும் அவர் கண்டிருந்தார். நேரம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைந்தது.

அந்த ஆசிரியர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பிள்ளை தெரியாமல் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கூட அவசரப்பட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேனோ? ஆனால் நிற்கிறவனுக்கு அது காப்பாற்றுவதாகத் தெரியாது. 'உன்னிடம் எனக்கு எதிர்பார்ப்பு இல்லை' என்றுதான் கேட்கும்.

ஒரு விநாடி. மூன்று முறை திருப்பிக் கேட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கடைசிப் பீரியட். கையேட்டுப்படி ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், பிறகு சிரித்த முகத்துக்கும் அழுத முகத்துக்கும் வண்ணம் தீட்ட வேண்டும். ஜன்னல் பக்கத்துப் பெண் ஒருத்தி கண்ணை மூடவே இல்லை. மூடினால் என்ன வருமோ என்று அவளுக்குப் பயம். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "திறந்தே வைத்துக்கொள், தரையைப் பார்த்தால் போதும்" என்றேன். உடனே இன்னும் ஆறு பேர் கண்ணைத் திறந்தார்கள்.

பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட மைரியட் ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆசிரியர்களே பள்ளியில் நடத்திய இந்த மாதிரி மனக் கவனப் பயிற்சி, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை என்று அதில் வந்தது. மூச்சுப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது உதவும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், மணி அடித்ததும் அமைதி என்பது நடக்கிற காரியம் இல்லை.

இன்றும் ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்காது என்று தெரியும். தெரிந்தும்.

ஜூலை 14, திங்கள்

இன்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

டெஸ்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். "பயம் என்று நான்கு பேர் எழுதுகிறீர்கள். எல்லாம் ஒரே பயமா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணினேன். மூன்று என்பது எவ்வளவு நீளம்! இரண்டிலேயே வாய் திறக்கத் துடித்தது. மூன்றுக்கு அப்புறம் ஒருத்தி சொன்னாள்: "இல்ல டீச்சர், இது படபடப்பு. பயம்னா ஓடிப் போகணும்னு இருக்கும். படபடப்புன்னா சீக்கிரம் ஆரம்பிச்சா போதும்னு இருக்கும்."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கோபத்துக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம்? கோபம் ஒருத்தர் மேல் வரும், கடுப்பு எதன் மேலும் வரும். கூச்சம், சங்கடம், சலிப்பு, ஏக்கம், மனத்தாங்கல், தவிப்பு. கரும்பலகையின் பாதி நிறைந்தது. அழிக்காமல் ஓரத்தில் கட்டம் கட்டி விட்டுவிட்டேன்.

கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. பெயர் சொன்னபோது, பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு தணிந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. என் வகுப்பில் ஸ்கேன் இல்லை. பேனா பிடித்த கைகளைத்தான் பார்த்தேன்.

சுவர் ஓரத்தில் இருந்து சொல் எதுவும் வரவில்லை. ஆனால் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜூலை 15, செவ்வாய்

தமிழாசிரியை அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் பேசினார். தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. படித்ததுதான், மறந்துவிட்டது. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்லியிருக்கிறது என்றார். அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு (முன்பிருந்த நிலை தாழ்வது), வறுமை.

முதலில் இளிவு. இழப்பதற்கும் முன்னால், பிறர் நம்மை இகழ்ந்து நோக்குவது. "உங்க கணக்கு வகுப்புல அழுகிற பிள்ளைங்க எல்லாம் கணக்கு வரலைங்கறதுக்காகவா அழறாங்க?" என்று கேட்டார்.

இளிவரல் பிறக்கும் நான்கில் பிணியும் ஒன்றாம். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 16, புதன்

2/5-க்குத் திரும்பினேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. பலகையில் பெரிதாக எழுதி, "இது தப்பான விடை. ஆனால் இதைச் சொன்ன மூளை சும்மா இருக்கவில்லை, ஒரு வழியில் நடந்திருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடியுங்கள்" என்றேன். மூன்று எண்ணினேன். ஏழு வரை எண்ண வேண்டியிருந்தது.

மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது என்றார்கள். ஏன் அப்படித் தோன்றும்? முழு எண்களை அப்படித்தானே இத்தனை வருஷமாகக் கூட்டினோம். அப்புறம் ஒருவன் கத்தினான்: "டீச்சர், 2/5 அரையைவிடக் கம்மி! அரையோட ஒண்ணைச் சேர்த்தா எப்படிக் குறையும்?" வகுப்பே ஆடிப்போனது. துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் எண்ணக் கூடாது என்பதைப் பொதுப் பகுதி நடத்திய எந்த வருஷத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் பிடித்ததில்லை. அந்தத் தப்பு இல்லாமல் இந்தப் பாடம் நடந்திருக்காது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

அவன் நிமிரவில்லை. ஆனால் அழிரப்பரை டப்பாவுக்குள் போட்டு மூடினான்.

இதற்கு எந்தப் பீரியட் என்று பெயர் போடுவது? கணக்கா, மற்றதா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

வகுப்பில் இருக்கும்போது மிஸ்டு கால். திருப்பி அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது பீரியடில் கத்திவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் முதல் வேலையாகச் சொன்னேன். "நேற்று நான் கத்தினேன். உங்கள் சத்தத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கத்தினேன். எனக்குள் ஒரு பதற்றம் இருந்தது, அதை உங்கள் மேல் இறக்கிவிட்டேன். அது தப்பு. இனி குரல் ஏறுவது தெரிந்தால் பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு அப்புறம் பேசுவேன்."

"என்ன பதற்றம் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "அது பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

நாள் முழுக்க இதே யோசனை. எவ்வளவு சொல்லலாம்? உணர்ச்சிக்குப் பெயர் வை என்று அவர்களிடம் கேட்டுவிட்டு நான் மட்டும் கல் மாதிரி நிற்க முடியாது. அதற்காக என் பாரத்தைப் பதினொரு வயதின் தோளில் ஏற்றவும் கூடாது. உணர்ச்சியைச் சொல்லலாம், செய்த தப்பைச் சொல்லலாம், அடுத்து என்ன செய்வேன் என்பதையும் சொல்லலாம். காரணத்தை என்னோடு வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இப்படித்தான் கோடு போட்டிருக்கிறேன். சரியான இடத்தில் போட்டிருக்கிறேனா தெரியவில்லை.

மாலையில் சீட்டுகளைப் பிரித்தேன். ஒன்றில் 'டீச்சருக்கு பயம்'. என்னைக் கண்டு பயமா, எனக்குப் பயம் என்கிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இரண்டும் உண்மை.

ஜூலை 21, திங்கள்

தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. தகவல்களை ஐந்தாக வெட்டி ஐந்து சீட்டில் எழுதினேன். ஐந்து ஐந்து பேராக ஆறு குழு, நான்கு பேர் குழு ஒன்று. அந்த நால்வரில் ஒருவருக்கு இரண்டு சீட்டு. சீட்டைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஐந்தும் சேராமல் கணக்கு விழாது.

எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டினில் செய்தது இதுதான். வெவ்வேறு இனப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்புக்கு வந்திருந்தார்கள், ஒரே பகை. ஒற்றுமையைப் பற்றி அவர் பாடம் எடுக்கவில்லை. பாடத்தையே துண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அடுத்தவன் வாயில் இருப்பது நமக்குத் தேவை என்றால் அவனைக் கேலி செய்து கட்டுப்படியாகாது.

மூன்றாவது பெஞ்ச் கையில் தொட்டியின் கொள்ளளவு. "சீக்கிரம் சொல்லுடா" என்றான் ஒருவன். இவன் வாயை இறுக்கிக்கொண்டான். நான் போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துப் பெண், "முதல்ல எத்தனைன்னு நம்பர் மட்டும் சொல்லு, மீதியை அப்புறம் கேக்கறேன்" என்றாள். சொன்னான்.

அவள் எங்கே கற்றாள் அப்படிக் கேட்க? நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

33 சீட்டுகள்.

ஜூலை 23, புதன்

இன்றும் வரவில்லை. வீட்டு எண்ணுக்கு அழைத்தால் அணைத்து வைத்திருக்கிறது.

மதியம் கூட்டம். கடைசிப் பீரியடைத் தாண்டிக் கணக்கிலும் இதை நுழைத்தால் பாடம் பின்தங்காதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வந்த தொகுப்பாய்வைச் சொன்னேன்: பள்ளிகளில் நடந்த இப்படிப்பட்ட 213 திட்டங்கள், 2,70,034 மாணவர்கள். நடத்தை மட்டும் இல்லை, பாட அடைவும் 11 சதமானப் புள்ளி உயர்ந்தது, அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை 11 இடம் முன்னேறுகிற அளவு. வெளியிலிருந்து நிபுணர் வரவேண்டும் என்றும் இல்லை, வகுப்பாசிரியரே நடத்தியவை நல்ல பலன் தந்தன. ஒழுங்காக நடத்தாத இடங்களில் பலன் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தலையாட்டினார்கள். சரி, பருவத் தேர்வு வரை பார்ப்போம் என்றார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மனசு ஒரு பெஞ்சில்தான் இருந்தது. திங்களன்று அவனைப் பேச வைத்தது சீக்கிரமாகிவிட்டதோ? அதனால்தான் வரவில்லையோ?

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டான். காரணம் கேட்கவில்லை. "நீ இல்லாம உன் குழு நேத்து திணறுச்சு" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

சீட்டில் 'அப்புறம்' என்று எழுதியிருக்கிறான். ஒன்றுமில்லை இல்லை. அப்புறம்.

பின்பக்கம் தடவிப் பார்த்தேன். அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

போன் வந்தது. திங்கள் காலை நேரில் வரச் சொல்கிறார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம்.

லீவு எழுதிக் கொடுத்தேன். என் இடத்தில் வருபவருக்கு ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். சீட்டுகளைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். பலகை ஓரத்துக் கட்டத்தை அழிக்க வேண்டாம். கேள்வி கேட்டால் மூன்று எண்ணுங்கள். மூன்றாவது பெஞ்ச், சுவர் ஓரம் என்றால் ஏழு. அவன் ஏதாவது சொல்ல வந்தால், கணக்கு பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

பெட்டிச் சாவி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்குள் இன்னொன்று செய்ய வேண்டும்.