ஏலக்காரருக்காக நகராட்சிப் படி ஏறிய கதை

எங்களுடையது பாத்திரக்கடை. அப்பா காலத்திலிருந்து பஜாரில் இருக்கிறது. 2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க நோட்டீஸ் போட்டார்கள். நகராட்சி சமுதாயக் கூடத்தில் மாபெரும் ஏல விற்பனை, தினமும் மாலை ஆறு மணிக்கு, முதலில் வரும் ஐம்பது பேருக்கு எவர்சில்வர் டம்ளர் இலவசம்.

பொய் சொல்லக் கூடாது. எனக்கு முதலில் வந்தது சமூக அக்கறை இல்லை, வயிற்றெரிச்சல்தான். வருஷத்தில் பாதி வியாபாரம் நடக்கும் மாதம் அது. நான் கடை வாடகை, தொழில் வரி, ஜிஎஸ்டி என்று எல்லாம் கட்டிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்க, கடையைத் தாண்டி ஜனம் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலாம் நாள் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஏலம் விட்டவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆள் கெட்டிக்காரர். ஒரு தோசைக்கல்லைத் தூக்கிக் காட்டி, அதில் மாமியார், மருமகள், கேஸ் விலை எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார். நூறு ரூபாயில் ஆரம்பிப்பார். யாராவது நூற்றைம்பது என்றதும், "என் தங்கச்சி நூத்தம்பது சொல்லிட்டாங்க, ஒரு தரம்" என்று இழுப்பார். அங்கேதான் மூன்றாவது வரிசையில் நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் கையைத் தூக்குவார். இருநூறு. தங்கச்சிக்கு ரோஷம் வந்து இருநூற்றைம்பது. அன்று இரவு அந்தக் கட்டம்போட்ட சட்டை இரண்டு கிரைண்டர், ஒரு குக்கர் செட், ஒரு ஃபேன் ஏலம் எடுத்தது. ஒன்றையும் வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. மறுநாளும் அதே வரிசையில் அதே ஆள், சட்டை மட்டும் வேறு.

அப்போதும் எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அத்தை ஒரு குத்துவிளக்கோடு வந்து நின்றார். "நாச்சியார்கோயில் விளக்குடா, மூவாயிரத்து நானூறுக்கு எடுத்தேன். உன் கடையில இதையே ஆறாயிரம் சொல்லுவே." கையில் வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாச்சியார்கோயில் விளக்கு தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுப் பூட்டுவது. புவிசார் குறியீடு பெற்ற பொருள். இதில் தண்டும் தட்டும் ஒட்டவைத்திருந்தது. கல்லாவில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். எடுத்துத் தண்டில் வைத்தேன். 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே முலாம். அத்தை காந்தத்தைப் பிடுங்கித் தானே இரண்டு முறை வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பில் கேட்டேன், கொடுக்கவில்லை என்றார். நோட்டீஸில் இருந்த செல் நம்பர் அடுத்த வாரமே அணைந்துவிட்டது.

வியாபாரிகள் சேர்ந்து ஆணையரிடம் மனு கொடுத்தோம். இருபத்திரண்டு கையெழுத்து. இது முதல் தப்பு. இருபத்திரண்டும் கடைக்காரர் கையெழுத்து என்றால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? "தொழில் போட்டியை நகராட்சி தீர்த்துவைக்க முடியாதுங்க" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். வரிசையில் நின்று, பதிவெண் வாங்கி, மனு கொடுத்து, ரசீதோடு வந்தோம். பதினைந்து நாளில் பதில் வந்தது. மனு 'உரிய நடவடிக்கைக்காக' எங்கள் நகராட்சி ஆணையருக்கே அனுப்பப்பட்டிருந்தது.

சரி, கேள்வியாகக் கேட்போம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில். நியாயம் எல்லாம் கேட்கவில்லை, ஆவணத்தை மட்டும் கேட்டேன். கூடம் எந்தக் காரணத்துக்காக, யாருக்கு, என்ன வாடகைக்கு விடப்பட்டது? அவர் கொடுத்த முகவரிச் சான்றின் நகல் எங்கே? ஜிஎஸ்டி எண் பெறப்பட்டதா? முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. 'வீட்டு உபயோகப் பொருட்கள் கண்காட்சி' என்ற பெயரில் விட்டிருக்கிறார்கள். முகவரி என்ற இடத்தில் ஒரு ஊர்ப் பெயரும் அதே செத்துப்போன செல் நம்பரும். ஜிஎஸ்டி எண்ணுக்கு எதிரே 'தகவல் இல்லை'.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். 2022 பிப்ரவரித் தேர்தலில் முதல் தடவையாக ஜெயித்து வந்தவர். என் மனுவைவிட அத்தையின் விளக்குதான் அவரை உசுப்பியது. அவருடைய நாத்தனாரும் அதே கூடத்தில் ஒரு மிக்சி எடுத்திருந்தாராம். ஜனவரி கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்துவிட்டார்.

நகர்மன்றக் கூட்டத்தில் நம்மைப் போன்றவர்கள் பேச முடியாது, பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். குடிநீர் பாதி நேரத்தைத் தின்றது, தெருநாய் மீதியை. எங்கள் பொருள் வந்தபோது மதியம் ஒன்றரை. ஆனாலும் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விவாதம் நடந்தது.

கவுன்சிலர், ஏல வியாபாரத்துக்கு நகராட்சி உரிமம் கட்டாயம் ஆக வேண்டும் என்றார். உடனே ஒருவர் எழுந்து, "எந்த ஏலம்?" என்றார். அவர் மச்சானுக்கு வாழைத்தார் மண்டி. காலையில் நாலு மணிக்குத் தார் ஏலம், அங்கேயும் உரிமம் கேட்பீர்களா? பூ மார்க்கெட்? சீட்டு ஏலம்? விழுப்புரம் பக்கம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போகிறதே, முருகனும் விண்ணப்பம் போட வேண்டுமா? சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் கேள்வி அசல் கேள்விதான். சீட்டுக்கு 1982-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார். அடகு நகைக்கு 1943-ஆம் வருஷத்துச் சட்டம், தாசில்தார் உரிமம். விளைபொருளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஊர் ஊராகப் போய்ப் பத்து நாள் பாத்திரம் ஏலம் விடுகிறவர் மட்டும் இந்த வலை எதிலும் சிக்காமல் நடுவில் போய்விடுகிறார்.

இன்னொரு கவுன்சிலர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏழைபாழைங்க நூறு இருநூறுக்கு அங்க பொருள் எடுக்குது. கடைக்காரங்க எம்ஆர்பிக்கு ஒரு ரூபாய் குறைப்பாங்களா? நாம யாருக்காகப் பேசுறோம்?" பாதி உண்மை. அந்த வாரம் முழுக்க அது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "முதல்ல நம்ம பஸ் ஸ்டாண்ட் கடை ஏலத்துல போடுற சிண்டிகேட்டை நிறுத்துங்க, அப்புறம் அடுத்தவன் ஏலத்துக்குப் போகலாம்." கூடம் ஒரு நொடி அமைதியானது. தலைவர் தண்ணீர் குடித்தார்.

கடைசியாக ஆணையர் பேசினார். தொழில் செய்யும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது, முழுக்கத் தடை போட்டால் நாளைக்கே ஹைகோர்ட்டில் தடை வாங்கி வருவார்கள், சட்டத்தில் இடமில்லாத கட்டணத்தை வசூலிக்கவும் முடியாது, பத்து நாள் கூடம் எடுத்தவருக்கு எந்தப் பட்டியலில் உரிமம் கொடுப்பது? பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே டீக்கடையில் நின்றபோது அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்தார். வடையைப் பிய்த்துக்கொண்டே, "தொழிலை நாங்க கட்டுப்படுத்த முடியாது சார். ஆனா கூடம் எங்களது. வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போது கண்டிஷன் போடுறதில்லையா?" என்றார். மூன்று மாதம் நாங்கள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம் என்பது அந்த வடை தீர்வதற்குள் புரிந்துவிட்டது.

இரண்டாவது உதவி ஒரு வக்கீலிடமிருந்து வந்தது. இட்லிப் பானை வாங்க வந்தவர், கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் புதுச் சட்டமே வேண்டாமே" என்றார். சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதில் 64-வது பிரிவு முழுக்க ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழும்வரை, அதாவது மூன்றாம் தரம் சொல்லும்வரை, ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்கிறவர் தானோ தன் ஆளை வைத்தோ ஏலம் கேட்பதாக இருந்தால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி உரிமையை வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கேட்டால் சட்டவிரோதம், வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம். விலையை ஏற்றப் பொய்யாகக் கேட்டிருந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். நீலக் கட்டம் போட்ட சட்டைக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்!

"அப்போ அத்தை பணத்தைத் திரும்ப வாங்கிடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். யாரிடமிருந்து? நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, 1915-க்கு ஃபோன் போட்டால் புகார் எடுப்பார்கள், பில் கொடுக்காததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். எல்லாம் சரி. எதிர்மனுதாரர் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது? சட்டம் இல்லாமல் இல்லை. முகவரிதான் இல்லை. அந்த முகவரியை வாங்கிவைக்கக்கூடிய ஒரே ஆள் கூடத்தை வாடகைக்கு விடுகிறவர்.

அதற்குப் பிறகு வேலை நேராகப் போயிருக்க வேண்டும். மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது, நடத்தை விதி அமலானது, ஜூன் வரை எங்கள் கோப்பு உறங்கியது. அந்த இடைவெளியில் நிபந்தனைகளை நாங்களே எழுதிக் கொடுத்தோம். எங்கள் ஆட்கள் விட்டால் விடுவார்களா? ஐந்து லட்சம் டெபாசிட், பஜாரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தீபாவளி மாதத்தில் கூடவே கூடாது என்று நீட்டிவிட்டார்கள். நானே அவற்றை அடித்தேன். பஜாரில் இரண்டு பேர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

மிச்சமிருந்தவை எளிமையானவை. ஏலம் நடத்துபவரின் ஆதார், நிரந்தர முகவரி நகல் தர வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்து தற்காலிகமாக விற்பவர் என்றால் ஜிஎஸ்டியில் அதற்கென்றே தற்காலிகப் பதிவு உண்டு. குறைந்தது ஐந்து நாள் முன்பே விண்ணப்பித்து, வரியை முன்கூட்டிக் கட்ட வேண்டும். அந்தச் சான்றின் நகல் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பில். விற்பவர் தரப்பில் யாராவது ஏலம் கேட்பதாக இருந்தால் வாசலில் தமிழில் போர்டு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்து அனுமதி, இரவு ஒன்பதுக்கு முடித்துவிட வேண்டும். இதோடு ஒரு சின்ன டெபாசிட்டும் வைத்திருந்தோம், ஜூலைக் கூட்டத்தில் அதை எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றினார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜனவரியில் அவ்வளவு பேசியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாடகை விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகி வந்தது.

2024 தீபாவளிக்கு ஏலக்காரர்கள் திரும்ப வந்தார்கள். சமுதாயக் கூடத்துக்கு இல்லை. நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தனியார் கல்யாண மண்டபம் இருக்கிறது, அங்கே. எங்கள் தீர்மானம் அங்கே செல்லாது. பஜாரே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆனால் மண்டபக்காரர் நம்ம வாடிக்கையாளர். பின்னால் போலீஸ், கோர்ட் என்று யாரும் தன் வாசலுக்கு வரக் கூடாது என்று அந்த நகராட்சி விண்ணப்பத்தை என்னிடம் கேட்டு ஜெராக்ஸ் வாங்கிப்போனார். மேலே இருந்த பெயரை மறைத்துத் தன் மண்டபத்துக்கே வைத்துக்கொண்டார்.

நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அதே மைக், அதே மாமியார் மருமகள். வாசலில் ஃப்ளெக்ஸ்: 'விற்பனையாளர் சார்பிலும் ஏலம் கேட்கப்படும்.' ஜனம் அதைத் தாண்டித்தான் உள்ளே போனது. நின்று படித்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் கை தூக்கினார், சட்டப்படி. மேஜையில் பில் புத்தகம் மட்டும் இருந்தது, முகவரியோடு, ஜிஎஸ்டி எண்ணோடு.

இரண்டாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்துவிட்டார். கையில் துணிப்பை. பையிலிருந்து முதலில் ஒரு பில்லை எடுத்து மேஜையில் வைத்து நீவிவிட்டார். பிறகு ஒரு செப்புக்குடம்.

"எங்கேடா அந்தக் காந்தம்?"