ஈரக் காலடி

எங்கள் டிரில் மாஸ்டரைவிட அவர் கையிலிருந்த பிரம்புக்கே நாங்கள் அதிகம் பயந்தோம். 1994இல், முப்படைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வின் தேர்வுக்கு எழுதிப்போட்டிருந்த எங்கள் மூவரையும் அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கூப்பிட்டார். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் நடக்கவைத்தார். ஒருவனுடைய தடம் நடுவில் வளைவே இல்லாமல் அப்பளம்போல விழுந்தது. "தட்டைப் பாதம். முதலில் டாக்டரிடம் காட்டு, பிறகு கணக்குப் புத்தகம் வாங்கு" என்றார். நாங்கள் சிரித்தோம்.

கண்ணைச் சோதிக்க அவரிடம் வழி இல்லை. காசிமேட்டு நண்பன் எழுத்துத் தேர்வு, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்முகச் சோதனை எல்லாம் தாண்டி மருத்துவச் சோதனையில் நின்றுபோனான். பச்சையும் சிவப்பும் அவனுக்குப் பிரிந்து தெரியாது என்பது பதினேழு வயதுவரை வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

நான் பெங்களூரில் எஸ்.எஸ்.பி.யிலேயே தோற்றுத் திரும்பியவன். ஐந்து நாள். ஒரு சொல்லைக் காட்டி 15 விநாடியில் மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். அப்படி 60 சொற்கள். தண்டையார்பேட்டைத் தமிழில் தோன்றியதை ஆங்கிலமாக்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். அதைக்கூடச் சமாளித்தேன். பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன். என்.சி.சி.யில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகியவன், யாராவது சொல்லட்டும் என்று நின்றேன். அவர்களோ சொல்கிறவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் வாசித்த மார்பு எண்களில் என்னுடையது இல்லை. சீருடை ஆசையில் போனேன் என்பதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. அதிகாரியின் வேலை என்னவென்று ஒருவரிடமும் விசாரிக்காமல் போனதுதான் உறுத்துகிறது.

போன மாதம் தங்கை மகள், தானும் என்.டி.ஏ.வில் சேர வேண்டும் என்று தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். என்.டி.ஏ.வில் பெண்களும் 2022 முதல் பயில்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வணிகவியல். தரைப்படைப் பிரிவுக்கு அது போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆனால் 300 மதிப்பெண் கணிதத் தாளிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. என்.டி.ஏ. இருக்கும் புனே அருகேயுள்ள கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு தரைப்படை என்றால் ஓராண்டு வேறு அகாடமியில். பிடிக்கவில்லை என்று நடுவில் வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்; அந்தப் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அதை என் தங்கை கணவரிடம் இப்போதே காட்டச் சொன்னேன். பயிற்சியில் அடிபட்டு வெளியேற்றப்பட்டவர்களின் நிலையை 2025இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதையும் படிக்கச் சொன்னேன். பட்டம் முடித்தபின் சென்னைப் பறங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாகவும் அதிகாரியாகலாம், பதினேழு வயதில் கதவு சாத்திவிடாது என்றதும் அவள் குரல் சற்றுத் தளர்ந்தது.

"எல்லாம் சரி மாமா, முதலில் என்ன செய்ய?"

காலை நனைக்கச் சொன்னேன்.

மறுநாள் மொட்டைமாடியிலிருந்து படம் வந்தது. நல்ல வளைவு. கீழே எழுதியிருந்தாள்: "இங்கே அடிக்கிற வெயிலில் தடம் நிற்கவே இல்லை மாமா, நான்கு தடவை நடந்தேன்."