மியூச்சுவல் டைவர்ஸ்தானேன்னு அசால்ட்டா இருந்துடாதீங்க, என் அனுபவம்

போன வாரம்தான் டிகிரி (விவாகரத்து தீர்ப்பு) காப்பி கைக்கு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா ஈஸியா முடிஞ்சிரும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். விட்டா போதும்டா சாமின்னு இருந்த அவசரத்துல எதுல கையெழுத்து போட இருந்தேன்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

இந்து திருமணச் சட்டம் 13பி-ல, அதாவது ரெண்டு பேர் சம்மதத்தோட விவாகரத்து கேக்குற பிரிவுல, ஜாயின்ட் மனு டைப் பண்ணி என் கணவர் தரப்பு வக்கீல் அனுப்பினார். நான் மகளை யார்கிட்ட விடுறாங்கன்னு மட்டும் பாத்துட்டு சரின்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி பேங்க்ல வேலை பாக்குற எங்க பெரியம்மா பொண்ணு வந்திருந்தா, பேப்பரை வாங்கிப் படிச்சா. மூணாவது பக்கத்துல "மேற்படி குடியிருப்பில் 2ஆம் மனுதாரருக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை"ன்னு இருந்துச்சு, 2ஆம் மனுதாரர்னா நான்தான். அந்த வரி மேல விரலை வச்சுக்கிட்டே "ஏண்டி, லோன்ல நீயும் இருக்கல்ல?"ன்னு கேட்டா.

இருக்கேன். ஃப்ளாட் அவர் பேருல, ஆனா லோன் பத்தலன்னு என் சம்பளத்தையும் காட்டி கோ-அப்ளிகன்ட்டா சேத்திருந்தாங்க. பாக்கி 31 லட்சம். மனுவுல லோன் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. கோர்ட்ல நாம என்ன பேசி முடிச்சாலும் அது பேங்க்கை கட்டுப்படுத்தாது, அவர் ட்யூ கட்டலன்னா என்னைத்தான் தேடி வருவாங்க. வீடு அவருக்கு, கடன் எனக்கும்! அதே பக்கத்துலயே "நகைகள் அனைத்தும் பெற்றுக்கொண்டார்"னு வேற, நகை முழுக்க அப்போ லாக்கர்லதான் கிடந்துச்சு.

மறுநாளே எனக்குன்னு தனியா ஒரு வக்கீல் வச்சேன். இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அந்த வக்கீலம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், கடைசியா ஜட்ஜ் முன்னாடி சம்மதம்னு சொல்றதுக்குள்ள எல்லாத்தையும் கையில வாங்கிடு, அதுவரைக்கும் சம்மதத்தை வாபஸ் வாங்க உனக்கு உரிமை இருக்கு, டிகிரி ஆனப்புறம்னா அவர் பின்னாடி அலையணும். அதனால நகையை பவுன் கணக்கோட எழுதி முதல் ஹியரிங் முன்னாடியே வாங்கிட்டேன். லோனை அவர் வேற பேங்க்குக்கு மாத்தி தன் பேருக்கு மட்டும் எடுத்துக்கணும்னு எழுத வச்சோம். அவர் சம்பளத்துக்கு அவ்ளோ லோன் தரமாட்டோம்னு புது பேங்க் சொல்லி, அவர் கொஞ்சம் அசலைக் கட்டி, இழுத்து இழுத்து ரெண்டு மாசம் ஆச்சு. சிபில் ரிப்போர்ட்ல (நம்ம பேருல இருக்குற கடனையெல்லாம் காட்டுறது) பழைய லோன் குளோஸ்டுன்னு பாத்தப்புறம்தான் நிம்மதியா தூங்கினேன்.

இதுக்கு நடுவுல கோர்ட் ஆபீஸ்ல மனுவை மூணு தடவை ரிட்டர்ன் போட்டாங்க. கல்யாணப் பத்திரிகைல என் பேரோட அப்பா இனிஷியல், ஆதார்ல கணவர் பேரு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு அபிடவிட் வேணும்னு மூணாவது தடவைதான் சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரே தடவைல சொல்லிருக்கலாம்ல? மூணு நாள் சம்பளம் போச்சு. பேரு, இனிஷியல் எல்லாத்தையும் முன்னாடியே ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க.

அப்புறம், மனு போட்டதுக்கும் கடைசியா சம்மதம் சொல்றதுக்கும் நடுவுல வர்ற அந்த ஆறு மாச காத்திருப்பு. 2017ல சுப்ரீம் கோர்ட் அமர்தீப் சிங் வழக்குல அது கட்டாயம் இல்ல, பிரிஞ்சு ஒன்றரை வருஷம் தாண்டி, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடிச்சிருந்து, இனி சேர வழியே இல்லன்னா அந்தக் காத்திருப்பு வேண்டாம்னு ஜட்ஜ் விலக்கு தரலாம்னு சொல்லிருக்கு. எனக்கு இதைச் சொன்னது கோர்ட் வராண்டா பெஞ்ச்ல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அக்கா. நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால லோன் முடிஞ்ச கையோட தனி மனு போட்டோம், அலவ் ஆயிருச்சு. ஆனா கேட்டாத்தான் கிடைக்கும், தானா யாரும் தரமாட்டாங்க.

டிகிரி காப்பி வாங்கப் போனப்போ கிளார்க் "கையெழுத்து போட்டுட்டு கிளம்புங்கம்மா, வீட்ல போய் பாத்துக்கலாம்"னார். நான் நகரல. கவுன்ட்டர்லயே நின்னு முதல் வரிலேந்து படிச்சேன், பின்னாடி நின்னவங்க முணுமுணுத்தாங்க. கல்யாண வருஷம் 2014க்கு பதிலா 2011னு இருந்துச்சு. திருத்த மனு போட்டு இன்னும் மூணு வாரம் ஆச்சு. போன வாரம் வந்தது அந்த திருத்தின காப்பி, அதையும் அங்கேயே நின்னு முழுசா படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.