தமனி எப்படித் தமனி ஆகிறது?

பதினொன்றாம் வகுப்பில், இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிக்கும் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பிள்ளைகள் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். தமனிக்குச் சுவர் தடிமன், சிரைக்கு உள்ளே வால்வு. மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்தக் குழாய்கள் எப்படி இரண்டாகப் பிரிந்தன என்று சொல்லாமல் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

பாலக்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நாட்டுக்கோழி வளர்க்கிறார். அடை வைத்த ஐந்தாம் நாள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, முட்டைக்கு அடியில் செல்போன் டார்ச்சைப் பிடிப்பார். "இது கூமுட்டை டீச்சர். இதுல பாருங்க, ரத்தம் ஓடுது" என்பார். கரும்புள்ளி ஒன்று. அதைச் சுற்றி மஞ்சள் கருவின் மேல் சிவப்பு இழைகள் கிளைவிட்டுப் பரவியிருக்கும். உற்றுப் பார்த்தால் புள்ளி லேசாக அசையும். அந்த இழைகளில் சில தமனி, சில சிரை.

ரத்த அழுத்தம்தான் தமனியை உருவாக்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1998-இல் எலிக் கருவில் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. தமனியாகப் போகும் செல்களில் எஃப்ரின்-பி2 என்ற புரதமும், சிரையாகப் போகும் செல்களில் அதைப் பற்றிக்கொள்ளும் எஃப்-பி4 என்ற ஏற்பியும் ஆரம்பத்திலேயே இருந்தன. இந்த வேறுபாடு ரத்தம் ஓடத் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது.

இதற்கு மேலே உத்தரவிடுவது விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. அது நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்ட, நாட்ச் எஃப்ரின்-பி2-வை எழுப்புகிறது. சிரைப் பக்கம் கூப்-டிஎஃப்2 என்ற மரபணு நாட்ச்சை அடக்கி வைக்கிறது. அப்படியென்றால் சிரையாக இருப்பதற்கும் ஒரு மரபணு வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்! விஇஜிஎஃப் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டாலே எலிக் கரு பிழைக்காது. தடித்த தசைச் சுவர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எல்லாமே மரபணு என்றும் சொல்லிவிட முடியாது. 2004-இல் கோழிக் கருவில், மஞ்சள் கருவுக்குப் போகும் தமனி ஒன்றின் ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். அதன் கிளைகளில் ரத்தம் எதிர்த்திசையில் ஓட, அவை சிரைகளாகவே மாறின. தடையை எடுத்ததும் மறுபடி தமனியாயின. அக்காவின் முட்டைகளில் நான் பார்க்கும் அதே இழைகள்தான் அவை. இதைச் சொல்லும்போது வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

போன வருடம் என் மாமாவுக்கு பைபாஸ் நடந்தது. காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் தைத்தார்கள். அப்படித் தைத்த சிரை தமனியின் அழுத்தத்தைத் தாங்கச் சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளும், எஃப்-பி4-ஐயும் இழக்கும். ஆனால் வளர்ந்தவர் உடம்பில் அதற்கு எஃப்ரின்-பி2 வருவதில்லை. கருவில் அவ்வளவு எளிதாக நடந்த மாற்றம் இங்கே பாதியிலேயே நின்றுவிடுகிறது. மார்பிலிருந்து எடுத்துப் பொருத்தும் தமனி, கால் சிரையைவிட நெடுநாள் அடைபடாமல் உழைக்கிறது.